ஒரு மாத்திரைக்குள் மூன்று மருந்து

சர்க்கரை நோய்க்குக் கூட்டு மாத்திரை எழுதிக் கொடுத்ததும், "இனி இது ஒண்ணு போதுமா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய ஸ்ட்ரிப்பை என்ன செய்வது என்று கேட்பவர் குறைவு. மருந்து கொடுக்கும் இடத்தில் அடிக்கடி பிடிபடும் கோளாறு அதுதான். மெட்ஃபார்மின் 500 மி.கி. தனியாகச் சாப்பிட்டவருக்கு மெட்ஃபார்மின் 500, கிளிமெபிரைடு 1 மி.கி. சேர்ந்ததாக மாற்றுவார்கள், அவர் இரண்டையும் விழுங்குவார். பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் சந்தேகமே வராது. பெரிய எழுத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்து வரியைத்தான் ஒப்பிட வேண்டும். தெரிந்தே கூடுதல் மெட்ஃபார்மின் தரும் மருத்துவர்களும் உண்டு. ஆகவே தானாக நிறுத்தாமல், எல்லா ஸ்ட்ரிப்பையும் எடுத்துப் போய்க் கேட்பதே சரி.

கிளிமெபிரைடு, சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு. சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, தேறியதும் சாப்பாடு. இந்த மருந்தால் வந்த தாழ்சர்க்கரை சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மூன்றாவதாக வோக்லிபோஸ் சேர்ந்திருந்தால் இன்னொரு சிக்கல். சாதாரணச் சர்க்கரையைக் குடலில் உடைக்கும் நொதியையே அது தடுப்பதால், மிட்டாயோ சர்க்கரைத் தண்ணீரோ வேகமாகக் கைகொடுக்காது. உடைக்கத் தேவையில்லாத குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். மாத்திரை கொடுக்கும்போதே சொல்ல வேண்டிய இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

அளவைக் குறைக்கிறேன் என்று பாதியாக உடைப்பவர்களும் உண்டு. நீடித்து வெளியாகும் மெட்ஃபார்மினை உடைத்தாலோ மென்றாலோ மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். மலத்தில் மாத்திரை மாதிரி ஏதோ தெரிந்தால் பதற வேண்டாம். பல சமயம் அது வெறும் கூடு. மறந்த வேளைக்காக அடுத்த வேளை இரண்டாகப் போடுவதும் கூடாது.

சிறுநீரக வடிகட்டும் திறன் (eGFR) 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது. 30 முதல் 45 வரை பெரும்பாலும் அளவைக் குறைப்பார்கள். அயோடின் சாயம் ஏற்றும் ஸ்கேனுக்கு முன் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் என்ற இன்னொரு சர்க்கரை மருந்து கலந்த மாத்திரையை அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். "சுகர் மாத்திரை போடுறேன்" என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கு இது தெரிய வழியில்லை. டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவருக்கு வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால், குளுக்கோமீட்டர் பெரிய எண் காட்டவில்லை என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடியிருக்கலாம்.

பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர் கால் மரத்துப்போகிறது என்றால், சர்க்கரையால்தான் என்று முடிவு கட்டும் முன் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடலாம்.