ஆமை பார்க்கப் போய் ஆமையானேன்

எங்கள் வீட்டில் என் மேல் நெடுநாளாக ஒரு குற்றச்சாட்டு உண்டு. பிள்ளைகளை எங்கே கூட்டிப் போனாலும் அப்பா தூங்கிவிடுவார் என்பதுதான் அது. கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்தில் சாய்வு நாற்காலியைக் கொடுத்து, விளக்கை அணைத்து, ஏசியும் போட்டு, தலைக்கு மேலே வானத்தைக் காட்டி, மெல்லிய குரலில் சனிக் கிரகத்தின் வளையங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு மனிதன் வேறு என்னதான் செய்வான்? கிண்டி சிறுவர் பூங்காவில் மர நிழலில் ஒரு பெஞ்சு இருந்தது, அதுவும் என் தப்பில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் மட்டும்தான் கடைசி வரை முழித்திருந்தேன். அதற்குக் காரணம் என் சின்னவன். அங்கே இருக்கிற திமிங்கல எலும்புக்கூட்டை அண்ணாந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அப்பா, இவ்ளோ பெரிய மீனை யாருப்பா சாப்பிட்டாங்க?" என்றான். வஞ்சிரத்தைத் தவிர வேறு எலும்புக்கூடு பார்க்காத பிள்ளை, பாவம்.

இதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டே வந்த என் பெரியவள் (ஆறாம் வகுப்பு, வீட்டு நீதிபதியும் அவள்தான்) ஒருநாள் தீர்ப்பு சொன்னாள். "இந்த தடவை எடம் நான் செலக்ட் பண்றேன். உக்காரவே முடியாது. ராத்திரி முழுக்க நடக்கணும்."

ஆமை நடை. பள்ளியில் யாரோ தோழி போய் வந்திருக்கிறாள். சென்னைக்காரர்களில் பாதிப் பேருக்கு இது தெரியும், மீதிப் பேர் என்னைப் போல. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், நடு ராத்திரியில் கடலோரமாக மணலில் நடந்து, முட்டையிட வரும் கடலாமைகளைத் தேடுவது. எஸ்.எஸ்.டி.சி.என். என்கிற மாணவர் அமைப்பு 1988-லிருந்து இதைச் செய்துகொண்டு வருகிறது. சீசன் முழுக்கத் தன்னார்வலர்கள் ராத்திரி ராத்திரி நடக்கிறார்கள், வார இறுதியில் நம்மைப் போன்றவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

விஷயம் கேள்விப்பட்டதும் அம்மா சாமி மாடத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்வாங்க. இவன் என்னடான்னா டாக்சி வச்சுப் போய்த் தேடறேங்கறான்."

"வீட்டுக்கு கூட்டிட்டு வரப்போறதில்ல பாட்டி, பாத்துட்டு வந்துடுவோம்."

அம்மா விடவில்லை. ஆமையிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஏற்கெனவே குறளில் இருக்கிறது, ஐந்தையும் உள்ளே அடக்கத் தெரிய வேண்டும், அதற்கு நீலாங்கரை போகத் தேவையில்லை என்றார். என் மகள் அசராமல், "கடலாமையால தலையையும் காலையும் ஓட்டுக்குள்ள இழுத்துக்க முடியாது பாட்டி. வள்ளுவர் சொன்னது வேற ஆமை" என்றாள். அம்மா அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். இதன் பெயர் பங்குனி ஆமை, ஆனால் தை பிறந்ததுமே வர ஆரம்பித்துவிடும், காலண்டர் பார்க்காது. இரவுச் சாப்பாட்டை முடித்து, அடர் நிறச் சட்டை போட்டு, தண்ணீர் பாட்டில், பிஸ்கட், ஒரு சால்வை எல்லாம் எடுத்துக்கொண்டு கொளத்தூரிலிருந்து கால் டாக்சியில் நீலாங்கரை போய்ச் சேர்ந்தால், மணலில் ஏற்கெனவே நாற்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே ஒரு தன்னார்வலர், கல்லூரிப் பையன், இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். ரொம்பப் பொறுமையாக விளக்கினார். ஓர் ஆமை ஏறக்குறைய நாற்பது கிலோ இருக்கும். பின்னங்கால்களால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் மாதிரி குழி தோண்டும். நூறு நூற்றிருபது முட்டை போட்டு மூடிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். முட்டை அங்கேயே கிடந்தால் நாயும் காக்காயும் விடாது, அதனால் எடுத்து பெசன்ட் நகரில் வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு. 29 டிகிரியை ஒட்டி ஒரு கோடு, அதற்கு மேலே போனால் பெண் அதிகம், கீழே போனால் ஆண் அதிகம்.

சின்னவன் கையைத் தூக்கினான். "அண்ணா, அப்ப ஏசி போட்டா பையன் பொறக்குமா?"

பக்கத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண் சிரித்த சிரிப்பில் என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தப் பையன் மட்டும் சிரிக்காமல், "ஆமைக்குத்தான் தம்பி, நமக்கு இல்ல" என்றார்.

அப்புறம் விதிமுறைகள். டார்ச் கூடாது, செல்போன் வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது. வெளிச்சத்தைப் பார்த்தால் தாய் ஆமை கரையேறாமலே திரும்பிவிடும் என்று அவர் சொல்லி முடித்து எல்லோரும் எழுந்து நடக்க ஆரம்பித்த அந்த நொடியில், கும்மிருட்டில், சிவப்பு, பச்சை, நீலம் என்று கடற்கரையில் ஒரு சின்ன ஊர்வலம் கிளம்பியது. சின்னவனின் ஷூ! பிறந்தநாளுக்கு அவன் மாமா வாங்கிக் கொடுத்தது, காலை ஊன்றும் ஒவ்வொரு தடவையும் குதிகாலில் பளிச் பளிச் என்று எரியும். நாற்பது பேரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். உடனே கழற்றச் சொன்னேன். கழற்றினான். கழற்றிய ஷூவை நான் கையில் வாங்கினேன். கையில் ஆட்டினாலும் எரிகிறது. பையில் போட்டேன், பை மெல்லிய துணி, முதுகில் சீரியல் செட் போட்ட மாதிரி ஆயிற்று. கடைசியில் சால்வையில் சுற்றி, அதன் மேல் பிஸ்கட் பாக்கெட்டை வைத்து, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி அசையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். மைத்துனரைப் பற்றி அப்போது நினைத்ததை இங்கே எழுத முடியாது.

மணலில் நடப்பது என்றால் என்னவோ கால் நனைக்கிற விஷயம் என்று நினைத்திருந்தேன். ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் கெண்டைக்கால் இரண்டும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்துவிட்டன. பாலவாக்கம் வரும்போது முன்னால் போனவர்கள் நின்றார்கள். ஆமைதான், ஆனால் செத்துப்போன ஆமை. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் இந்தக் கடற்கரையில் ஒதுங்கியதைச் செய்தியில் பார்த்ததோடு சரி, நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தண்ணீரிலேயே வாழ்கிற ஆமை எப்படித் தண்ணீரில் செத்தது என்று மகள் கேட்டாள். அதற்கு நுரையீரல்தான், மூச்சு விட மேலே வந்தாக வேண்டும், இழுவலையில் மாட்டிக்கொண்டால் வர முடியாது என்று தன்னார்வலர் சொன்னார். சின்னவன் ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேள்வி கேட்காமல் நடந்த ஒரே தூரம் அதுதான்.

கொட்டிவாக்கம் தாண்டி ஓரிடத்தில் எல்லோரும் ஓய்வெடுக்க உட்கார்ந்தோம். தன்னார்வலர்களில் இரண்டு பேர் மட்டும் முன்னால் போய்ப் பார்த்து வருவதாகச் சொன்னார்கள். நான் உட்காரத்தான் செய்தேன். சத்தியமாக உட்காரத்தான் செய்தேன். மணல் இதமாக இருந்தது, காற்று வேறு, சால்வைக்குள் ஷூ சமர்த்தாக இருந்தது.

இனி வருவது என் மனைவி சொல்லித் தெரிந்தது. கூட்டத்தில் ஓர் அம்மா திடீரென்று, "ஷ்ஷ்... கேக்குதா?" என்றாராம். எல்லோரும் காதைத் தீட்டினார்களாம். அலைச் சத்தத்துக்கு நடுவே புஸ்ஸ்... புஸ்ஸ்... என்று ஏதோ பெரிய உருவம் கஷ்டப்பட்டு மூச்சு விடுகிற சத்தம். ஆமை குழி தோண்டும்போது பெருமூச்சு விடும் என்று ஆரம்பத்தில் சொல்லியிருந்தார்கள் இல்லையா, அவ்வளவுதான், பத்துப் பதினைந்து பேர் குனிந்து, முட்டி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தை நோக்கி ஊர்ந்திருக்கிறார்கள். மணலில் இருட்டாக, மேடாக ஏதோ தெரிந்திருக்கிறது. ஒருவர் அதன் அளவைக் கூட மெதுவாக வியந்தாராம்.

"அது ஆமை இல்ல ஆன்ட்டி," என்று என் மகளின் குரல் கேட்டிருக்கிறது. "எங்கப்பா."

நான் கண்ணைத் திறந்தபோது முகத்துக்கு மேலே வரிசையாகத் தலைகள். என் வாழ்க்கையில் இத்தனை பேர் இவ்வளவு ஆசையாக என்னைப் பார்த்ததில்லை, கல்யாண மேடையில் கூட.

நல்லவேளையாக அப்போது முன்னால் போனவர்கள் ஆள் அனுப்பினார்கள், குழி கிடைத்துவிட்டது. என் மானத்தைக் காப்பாற்றிய அந்தத் தாய் ஆமைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அதை நாங்கள் பார்க்கவில்லை, அதற்குள் கடலுக்குப் போய்விட்டிருந்தது. மணலில் சின்ன டிராக்டர் ஏறி இறங்கிய மாதிரி தடம் மட்டும், போக ஒன்று வர ஒன்று. ஒரு பெண் தன்னார்வலர் கம்பால் மணலை மெல்ல மெல்லக் குத்திப் பார்த்து, ஓரிடத்தில் கம்பு சட்டென்று உள்ளே இறங்கியதும் கையால் தோண்டினார். தோள் வரைக்கும் கை உள்ளே போனது. வெளியே வந்தது முட்டை, பிங்பாங் பந்து சைஸ், ஓடு கோழி முட்டை மாதிரி இல்லாமல் தோல் போல இருக்கிறது. ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பையில் வைத்தார்கள், குழியின் மணலும் கொஞ்சம் கூடவே. ரொம்ப நேரம் ஆவதற்குள் எடுத்துவிட வேண்டும், உருட்டக் கூடாது, குலுக்கக் கூடாது, உள்ளே கரு ஓட்டில் ஒட்டிக்கொண்ட பிறகு புரட்டினால் செத்துப்போகும். என் பிள்ளைகள் இரண்டு பேரும் கூடவே எண்ணினார்கள். எழுபதுக்கு மேல் சின்னவன் சாமியாடினான். மகள் மட்டும் விடாமல் 112 என்று முடித்து, தன்னார்வலரின் நோட்டில் அதே எண் எழுதப்பட்டதைச் சரிபார்த்த பிறகுதான் நகர்ந்தாள்.

மீதி தூரம் சின்னவன் என் தோளில். திருவான்மியூர் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. பெசன்ட் நகரில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டி முட்டைகளை வைத்து, தேதியும் எண்ணிக்கையும் எழுதி வைத்தபோது மணி நாலு ஆகியிருக்கும். வீடு வந்து சேர்ந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஆமை வந்துச்சா?" சின்னவன் தூக்கக் கலக்கத்தில், "அப்பாதான் வந்தாரு" என்றான்.

பொரிய 45-லிருந்து 55 நாள் ஆகும் என்றார்கள். மகள் காலண்டரில் வட்டம் போட்டாள். அந்த ஒன்றரை மாதத்தில் வீட்டில் நடந்ததுதான் கொடுமை. குஞ்சுகள் பொரிந்ததும் வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே ஓடும், பழைய காலத்தில் அது கடல் பக்கத்து வானம், இப்போது தெருவிளக்கு, அப்படியே ரோட்டுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். சின்னவன் அதை மனதில் போட்டுக்கொண்டு தினமும் ராத்திரி ஏழு மணிக்கு மேல் வீட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தான். பால்கனி போச்சு, ஹால் போச்சு. ஒருநாள் அம்மா அடுப்படியில் இருட்டில் ரசத்தில் சர்க்கரையைப் போட்டார். நாங்கள் இருப்பது கொளத்தூரில். இங்கே வர வேண்டும் என்றால் ஆமை பஸ் பிடித்துத்தான் வர வேண்டும். சொன்னால் கேட்க வேண்டுமே.

ஏப்ரல் முதல் வாரம், பரீட்சைக்கு நடுவில், மாலையில் குஞ்சு விடுவதைப் பார்க்கப் போனோம். இரண்டு தடவை போய் ஏமாந்து மூன்றாவது தடவை. எங்கள் குழியும் அன்று பொரிந்திருந்தது, மகள் எண்ணைப் பார்த்து உறுதி செய்துவிட்டாள். கயிறு கட்டி எல்லோரையும் ஓரமாக நிறுத்திவிட்டு, கூடையை மணலில் சாய்த்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவு, கரிய நிறம், சாவி கொடுத்த பொம்மை போலத் துடுப்பை அடித்து அடித்து அலையை நோக்கிப் போகின்றன. ஆயிரத்தில் ஒன்று வளர்ந்து பெரிதானாலே அதிகம் என்றார்கள். ஒன்றே ஒன்று மட்டும் பாதியில் நின்று, திரும்பி, பஜ்ஜிக் கடை விளக்கைப் பார்த்து வேகமாக நடக்க ஆரம்பித்தது. "டேய், உன்ன மாதிரியே ஒண்ணு" என்று மகள் தம்பியைக் கூப்பிட்டுப் பார்த்தால், அவனைக் காணோம். அவனும் பஜ்ஜிக் கடைப் பக்கம்தான் இருந்தான்.

ஆமையைத் தன்னார்வலர் திருப்பி விட்டார். இவனை நான் போய் இழுத்து வந்தேன், இரண்டு தட்டு மிளகாய் பஜ்ஜியோடு.

சாப்பிடும்போது மகள் சொன்னாள். "பொண்ணு ஆமை பெரிசானதும் முட்டை போட இந்தப் பக்கத்துக் கரைக்கே திரும்பி வரும். ஆண் ஆமை கடலுக்குள்ள போனா போனதுதான், திரும்பக் கரைப்பக்கமே எட்டிப் பாக்காதாம்."

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பேச்சை மாற்ற வேண்டுமே என்று, "சரி, அடுத்து எங்கம்மா?" என்றேன். காவலூர் வானாய்வகமாம், ஜவ்வாது மலையில் இருக்கிறது, பெரிய தொலைநோக்கி. வானம், நட்சத்திரம், மலைக்காற்று. எனக்குக் கோளரங்கம் ஞாபகம் வந்து லேசாக ஆசை கூட எட்டிப் பார்த்தது.

"அங்க சாய்வு நாற்காலி இருக்குமாம்மா?"

"விசாரிச்சிட்டேன்பா," என்றாள். "நின்னுக்கிட்டுதான் பாக்கணும்."