ஊசி கோக்குற பாட்டி

மார்ச் 2

ரொம்ப நாளா மனசுல ஓடிட்டே இருந்தது, இன்னிக்கு உக்காந்துட்டேன். ஊசில நூல் கோக்குற ஒரு குட்டி பாட்டி பொம்மை. அளவு 1:12, அதாவது நெசத்துல ஒரு அடின்னா இங்க ஒரு இஞ்ச், தலை 2 சென்டிமீட்டர் கூட வராது. ஃபாயிலை கசக்கி உருண்டை புடிச்சு அதுக்கு மேல பாலிமர் க்ளே. பேருதான் க்ளே, உண்மைல பிவிசிங்கற பிளாஸ்டிக், காத்துல காயாது, ஓவன்ல வச்சாதான் இறுகும். அதனால எத்தன நாள் வேணா நோண்டிட்டே இருக்கலாம், என்னை மாதிரி ஆளுக்கு அதுதான் ஆபத்து.

மார்ச் 5

நெத்தியே இல்ல! கண்ணு ரெண்டும் உச்சில ஏறி உக்காந்திருக்கு. கண்ணு தலையோட சரிபாதில வரணும்னு தெரியும், ஆனா கை கேக்க மாட்டேங்குது. ஊசியால கீறுன சுருக்கமும் பிளேடு போட்ட மாதிரி இருந்துச்சு. அப்பறம் மேல மெல்லிசா பிளாஸ்டிக் கவரை விரிச்சு அது வழியா அமுக்குனேன், ஓரமெல்லாம் மழுங்கி தோல் மடிஞ்ச மாதிரியே வந்துருச்சு.

மார்ச் 9

கருகிடுச்சு. ஓவன் குமிழ்ல 130 டிகிரிதான் வச்சேன், மூக்கு நுனி பழுப்பாகி வீடு பூரா நாத்தம். தெர்மாமீட்டர் உள்ள வச்சு பாத்தா 160 காட்டுது. இன்னும் ஏறியிருந்தா விஷப்புகையே வந்திருக்கும், எல்லா ஜன்னலையும் தொறந்து போட்டுட்டு வெளிய நின்னேன்.

மார்ச் 10

ஒண்ணும் செய்யல. கடுப்பு.

மார்ச் 15

புது தலை, கூடவே கை. முழு கையும் மணிக்கட்டுலேந்து விரல் நுனி வரைக்கும் ஒன்றரை சென்டிமீட்டர்தான், சுண்டுவிரல் ஒடிஞ்சு கீழ விழுந்தத அரை மணி நேரம் தேடுனேன், கடைசில என் முழங்கைல ஒட்டிட்டு இருந்துச்சு.

மார்ச் 18

மொகத்துல எல்லாம் சரியா இருக்கு ஆனா உசுரு இல்ல, என்னன்னே புரியல. சரின்னு கண்ணாடி முன்னாடி நின்னு நானே ஊசி கோத்து பாத்தேன். தலை பின்னாடி போகுது, ஒரு கண்ணு இடுங்குது, வாயும் அந்தப் பக்கமாவே இழுத்துக்குது, கீழ் உதடு உள்ள போயிடுது. நான் என்னடான்னா காகிதத்தை மடிச்சு வெட்டுன மாதிரி ரெண்டு பக்கமும் ஒரே மொகம் செஞ்சு வச்சிருக்கேன்! குண்டூசி தலையால இடது வாயோரத்தை ஒரே ஒரு அமுக்கு, இடது கன்னத்தை மேல தள்ளுனேன், பொசுக்குன்னு பாட்டி வந்துட்டா. நெசமா கொஞ்சம் பயந்துட்டேன்.

மார்ச் 20

சுடுறதுக்கு முன்னாடியே சாக்பீஸ் தூளை பிரஷ்ல தொட்டு கன்னத்துக்கும் விரல் முட்டிக்கும் லேசா தடவுனேன். தெர்மாமீட்டரை பாத்துட்டே 130ல சுட்டு, ஓவன்லயே ஆற விட்டேன். காதுக்கு பின்னாடி மட்டும் ஒரு விரிசல், முடி ஒட்டுனா மறைஞ்சிடும்.

மார்ச் 22

நெச ஊசிய கைல வச்சா பாட்டி கடப்பாரை புடிச்ச மாதிரி இருக்கு. மெல்லிசு கம்பில 3 மில்லிமீட்டர் வெட்டுனேன். நூலுக்கு என் நரைமுடி ஒண்ணு, இந்த அளவுக்கு அதுவே கொஞ்சம் மொத்தம்தான். ஊசிக்கு காது போட முடியல. பாவம், எவ்ளோ நேரம் கண்ண இடுக்கிட்டு இருந்தாலும் அவளால கோக்க முடியாது.