இமை ஆபரேஷன்: தொங்குவது தோலா, தசையா, புருவமா?

மேல் இமை கனக்கிறது என்று மருத்துவரிடம் போவதற்கு முன் கண்ணாடி முன்னால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்ணை மூடி நெற்றியைத் தளர விடுங்கள். புருவத்துக்கு மேலே கட்டைவிரலை வைத்து, புருவம் ஏறாதபடி அழுத்திக்கொண்டு கண்ணைத் திறங்கள். தோல் மடிந்து இமைமயிர் மேல் உட்கார்ந்தால் அது மிகுதித் தோல். இமையின் விளிம்பே கருவிழியை வழக்கத்தைவிட அதிகம் மறைத்தால் இமையைத் தூக்கும் தசை தளர்ந்திருக்கிறது. இதை டோசிஸ் என்பார்கள். புருவமே எலும்பு விளிம்புக்குக் கீழே இறங்கியிருந்தால் சிக்கல் நெற்றியில் இருக்கிறது. மூன்றும் சேர்ந்தும் வரும்.

இந்தப் பிரிவினையில்தான் பாதி வெற்றி. டோசிஸ் உள்ளவருக்குத் தோலை மட்டும் வெட்டினால் தழும்பு மிஞ்சும், கண் பழையபடி பாதி மூடியே இருக்கும். புருவம் இறங்கியவருக்குத் தோலை எடுத்தால் புருவம் இன்னும் கீழே வரும். அதனால் டார்ச் ஒளி கண்ணில் பட்டு மின்னும் புள்ளியிலிருந்து மேல் இமை விளிம்பு வரை மருத்துவர் அளக்கிறாரா என்று பாருங்கள். இயல்பான அளவு 4 முதல் 5 மி.மீ.; 2 மி.மீ. அல்லது அதற்குக் குறைவென்றால் பார்வையை மறைக்கும் அளவு. இரண்டு இமைக்கும் மூளையிலிருந்து ஒரே அளவு தூண்டுதல்தான் போகிறது. அதிகம் சரிந்த இமையைத் தூக்க மூளை கூடுதல் விசை அனுப்பும்போது மற்ற இமையும் அதில் பங்கு பெற்று நிமிர்ந்து நிற்கும். முதல் இமையைச் சரிசெய்ததும் அந்தக் கூடுதல் விசை நின்றுபோய், "நன்றாக இருந்த" கண் இறங்கிவிடலாம். சரிந்த இமையை விரலால் தூக்கிப் பிடித்து மற்றதைக் கவனித்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

சாயங்காலம் ஆக ஆக இமை அதிகம் சரிகிறது, சில சமயம் எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்றால் முதலில் தசைக்களைப்பு நோய்க்கான பரிசோதனை வேண்டும். திடீரென்று ஒரு இமை விழுந்து, கண்மணிகள் அளவில் வேறுபட்டால் அன்றே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அது அழகு சிகிச்சைக்கான விஷயமே இல்லை.

செயல்பாட்டுப் பயனை நிரூபிக்க, கண் எவ்வளவு பரப்பைப் பார்க்கிறது என்று அளக்கும் பார்வைப் புலச் சோதனை செய்வார்கள்: ஒருமுறை இமை இருக்கிறபடி, மறுமுறை டேப் ஒட்டித் தூக்கி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆபரேஷன் திருப்பித் தரக்கூடிய மேல்புறப் பார்வை. காப்பீடு கேட்பவர்களுக்கு இந்த அறிக்கையும், நெற்றி தளர்ந்த நிலையில் எடுத்த படங்களும் பெரும்பாலும் தேவைப்படும். நாளெல்லாம் புருவத்தைத் தூக்கித் தூக்கி வரும் நெற்றிவலியும், மடிப்பில் ஈரம் தங்கி வரும் புண்ணும் குறைவது சோதனைத் தாளில் வராத லாபங்கள். அழகு என்று பார்த்தால் இமை மடிப்பு தெளியும், களைத்த தோற்றம் போகும். கருவளையமும் கண்ணோரச் சிரிப்புக் கோடுகளும் அப்படியே இருக்கும்; இதைச் சொல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

உலர்கண் உள்ளவர்கள் ஷிர்மர் சோதனை கேளுங்கள்; கீழ் இமையில் தாள் துண்டு செருகிக் கண்ணீர்ச் சுரப்பை அளப்பது அது. தாள் 5 நிமிடத்தில் 5 மி.மீ.கூட நனையவில்லை என்றால் தோல் எடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்; எழுதிக் கொடுத்தவரே முடிவு செய்யட்டும்.

வெட்ட வேண்டிய தோலைக் குறித்துக் கோடு வரைவது உட்கார்ந்த நிலையில் நடக்க வேண்டும், ஏனென்றால் படுத்தால் தோல் பக்கவாட்டில் சரிந்துவிடும். புருவத்துக்கும் இமைமயிருக்கும் நடுவே சுமார் 20 மி.மீ. தோல் மிஞ்ச வேண்டும் என்பது பழகிய கணக்கு. மிஞ்சுவதைப் பின்னால் எடுக்கலாம். எடுத்ததைத் திருப்பி வைக்கத் தோல் ஒட்டு வேண்டியிருக்கும். மரத்துப்போகும் ஊசிதான் முழு வேலையிலும் எரிச்சலான பகுதி. பிறகு இழுபடுவது தெரியும், ரத்தக்குழாயைச் சுடும் வாசனை வரும், வலி இருக்காது. தசையைச் சரிசெய்யும்போது நடுவே கண்ணைத் திறக்கச் சொல்வார்கள். அதற்காகவே ஆழ்ந்த மயக்கம் தவிர்க்கப்படுகிறது.

முதல் 48 மணி நேரம் விழித்திருக்கும்போது துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம், மணிக்கு 10 முதல் 15 நிமிடம். தலையை உயர்த்திப் படுங்கள். ஆயின்மென்ட் போட்டால் பார்வை மங்கும், பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு கண் மட்டும் இறுகி, வெளியே தள்ளி, வலி ஏறி, பார்வை குறைந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுவது அரிது. நேர்ந்தால் சில மணி நேரத்தில் பார்வையையே பறிக்கும்.

தையல் 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள். கன்றல் கன்னம் வரை இறங்கி, இரண்டு வாரத்தில் மறையும். ஒரு பக்கம் அதிகம் வீங்குவதால் கண்கள் ஏறுமாறாகத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் திருத்தம் பற்றிப் பேசுவதே வீண். தூங்கும்போது கண் முழுதாக மூடாமல் இருந்தால் இரவில் ஜெல் போட வேண்டும். இமை ஓரம் சில மாதம் மரத்திருக்கலாம், மை தீட்டும்போது கவனம். இமையின் அழுத்தம் மாறுவதால் கருவிழியின் வளைவும் சற்று மாறலாம், ஆகவே கண்ணாடிப் பவரை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள்.