பாரோமீட்டர் நாட்குறிப்பு: ஒரு தாழ்வழுத்தம் கடந்து போகையில்

நவம்பர் 3, காலை 8 மணி

காற்றழுத்தமானி காட்டும் அழுத்தம் 1027 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). காற்று அசையவில்லை. தரையை ஒட்டி மூடுபனி, மேலே தெளிந்த வானம். உயர் அழுத்தத்தின் நடுவில் காற்று மேலிருந்து மெல்ல இறங்கும். இறங்க இறங்க அமுங்கிச் சூடாகும், கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி வீதம். இரவில் குளிர்ந்துபோன தரைக்காற்றின் மேல் அந்தச் சூடான அடுக்கு பானைக்கு மூடி போட்டதுபோல் அமர்ந்துகொள்வதால் பனியும் புகையும் கீழேயே தங்கிவிடுகின்றன. முள் உயரத்தில் நிற்கிறது என்பதற்காகக் குளிர்காலத்தில் வெயிலை எதிர்பார்க்க முடியாது.

கருவியைச் சரிபார்க்க இப்படிப்பட்ட அமைதியான நாளே ஏற்றது. அழுத்தம் வேகமாக மாறும் நாளில் அரைமணி நேரத் தாமதமே பிழையாகிவிடும். அருகிலுள்ள வானிலை நிலையத்தின் கடல்மட்ட அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை விரல் நுனியால் லேசாகத் தட்டி, முள் நின்றபின், அது அந்த அளவைக் காட்டும்வரை பின்புறத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் மறுபடி தட்டிப் பாருங்கள். தரைக்கு அருகில் 8 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 1 ஹெக்டோபாஸ்கல் குறையும், 100 மீட்டருக்கு 12. கைபேசியில் அழுத்தம் பார்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது: ஜிபிஎஸ் உயரத்தை 40 மீட்டர் தவறாகக் காட்டினால், கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தமும் 5 ஹெக்டோபாஸ்கல் தவறிவிடும்.

காற்றின் திசை பற்றி இங்கே எழுதுவதெல்லாம் வட அரைக்கோளத்தின் மிதவெப்பப் பகுதிக்கு.

நவம்பர் 4, மாலை 5 மணி

1022. மேற்கே கீற்று மேகங்கள், நுனி வளைந்து கொக்கிபோல. கீற்று மேகம் தனியாக வந்தால் பொருட்படுத்த வேண்டாம். அது நேரம் ஆக ஆகத் தடித்து, அழுத்தமும் கூடவே இறங்கினால்தான் வெப்ப வளிமுகம், அதாவது வெப்பக் காற்றுத்திரளின் முன்விளிம்பு, வருகிறது என்று பொருள்.

வெப்பக் காற்றுத்திரள் முன்னே கிடக்கும் குளிர்க்காற்றை முட்டித் தள்ளுவதில்லை, அதன் மேல் ஏறிப் போகிறது. அந்தச் சரிவு மிகவும் சாய்வானது; சராசரியாக 150 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரம் என்று கொள்ளலாம். அப்படியானால் 8 கி.மீ. உயரத்தில் மேகம் தெரியும்போது தரையில் வளிமுகம் 1200 கி.மீ. தள்ளி இருக்கிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வந்தால் 30 மணி நேரம். நாளை நள்ளிரவு வாக்கில் வந்து சேர வேண்டும்.

நவம்பர் 5, காலை 9 மணி

1015. சூரியனைச் சுற்றி ஒளிவட்டம். கையை நீட்டி விரல்களை அகல விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே ஏறத்தாழ 22 டிகிரி. சூரியனிலிருந்து வட்டம் வரை அதே அளவு. (சூரியனைக் கட்டைவிரலாலேயே மறைத்துக்கொண்டு அளக்க வேண்டும்.) கீற்றுப்படை மேகத்தின் பனிப்படிகங்கள் ஒளியை வளைப்பதால் வருவது இது.

காற்று தென்கிழக்கிலிருந்து. காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடப்பக்கம், கொஞ்சம் முன்னால் இருக்கும். இப்போது அது மேற்கே இருக்கிறது. 1857இல் டச்சு வானிலையியலாளர் பய்ஸ் பாலட் வகுத்துத் தந்த இந்த விதிக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஆனால் கட்டடங்களுக்கு நடுவே நின்று பார்த்தால் தப்பாகவே சொல்லும். தாழ்ந்த மேகம் நகரும் திசையைப் பாருங்கள்.

மாலை 4 மணி

1008. கடந்த 3 மணி நேரத்தில் 4 இறக்கம். மழை தொடங்கிவிட்டது, சீராக, விடாமல் பெய்கிறது.

நவம்பர் 6, காலை 7 மணி

வளிமுகம் இரவில் கடந்துவிட்டது. வெப்பநிலை 8இலிருந்து 14க்கும், பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 5இலிருந்து 12க்கும் ஏறியிருக்கின்றன. காற்று தென்மேற்குக்குத் திரும்பியிருக்கிறது. அழுத்தம் 1003இல் நிலைத்துவிட்டது. தூறல், கலங்கலான தூரப்பார்வை.

எந்தக் காற்றுத்திரளுக்குள் நிற்கிறோம் என்பதைப் பனிநிலையே சொல்லும். வெப்பநிலை வெயிலுக்கும் மேகத்துக்கும் ஏறி இறங்கும். பனிநிலை காற்றிலுள்ள ஈரத்தைப் பொறுத்தது, திரள் மாறும்போதுதான் அது துள்ளும். அதைக் குறித்துவைக்காத பதிவேட்டை வைத்துக்கொண்டு வளிமுகம் கடந்த நேரத்தைச் சொல்வது கஷ்டம்.

பிற்பகல் 3.20

குளிர் வளிமுகம். மேற்கே கரும்பட்டையாக மேகம் வந்தது, பலத்த காற்று, இருபது நிமிடம் கொட்டிய மழை. காற்று ஒரே தாவலில் தென்மேற்கிலிருந்து வடமேற்குக்கு மாறியது. அழுத்தம் 1001ஐத் தொட்ட கையோடு ஏறத் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் 1004. வெப்பநிலை 8, பனிநிலை 3.

இதன் சரிவு வெப்ப வளிமுகத்தைவிடச் செங்குத்து, ஏறத்தாழ 50 முதல் 100 மீட்டருக்கு 1 மீட்டர். அடர்ந்த குளிர்க்காற்று வெப்பக்காற்றின் அடியில் புகுந்து அதைச் சட்டென்று தூக்குகிறது. அதனால் மழைப் பட்டை குறுகல், மழை கடுமை, முன்னறிவிப்புக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு.

1027இலிருந்து 1001 வரை இறக்கம் 26. ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10.2 கிலோ காற்று. ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலிருந்தும் 265 கிலோ காற்று விலகியிருக்கிறது. மேலடுக்குகளில் காற்று விரிந்து வெளியேறும் வேகத்துக்குக் கீழே வந்து சேரும் காற்று ஈடுகொடுக்காதபோது இப்படி நடக்கும்.

நவம்பர் 7, காலை 8 மணி

1018, இன்னும் ஏறுகிறது. முள் நல்ல வானிலையைக் காட்டினாலும் காற்று பலமாகவே வீசுகிறது. அழுத்தம் வேகமாக ஏறுவதும் ஆபத்துதான்: சம அழுத்தக்கோடுகள் (வரைபடத்தில் ஒரே அழுத்தமுள்ள இடங்களை இணைப்பவை) அப்போதும் நெருக்கமாகவே இருக்கும். படகை எடுக்கவோ ஏணியில் ஏறவோ முள்ளின் ஏற்றம் தணியும்வரை பொறுங்கள்.

தொலைவில் உள்ளவை கண்ணாடிபோல் தெளிவு. குளிர்ந்த காற்றுத்திரள் தன்னைவிடச் சூடான தரையின் மேல் வந்திருப்பதால் அடியிலிருந்து சூடேறித் திரள் மேகங்கள் எழும்புகின்றன. பகலில் விட்டுவிட்டு மழை, இரவில் அடங்கும்.

நவம்பர் 8

வெப்பமண்டலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே வளிமுகங்கள் அரிதாகவே எட்டும். இந்த வரிசையைத் தேடாதீர்கள். அங்கே அழுத்தம் நாள்தோறும் காலை 10, இரவு 10 மணியளவில் உச்சத்துக்கும், மாலை 4, அதிகாலை 4 மணியளவில் அடிமட்டத்துக்கும் போய் வரும். வீச்சு 3 ஹெக்டோபாஸ்கல் அளவு. காலை 10க்கும் மாலை 4க்கும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டுப் புயல் என்று பதறுபவர்கள் உண்டு. அதே மணிக்கு அந்தப் பருவத்தில் வழக்கமாக இருக்கும் அழுத்தத்தோடு ஒப்பிட வேண்டும். அதைவிட 3 குறைந்தால் மாலுமிகள் புயலைச் சந்தேகிப்பார்கள். 5 குறைந்தால் சந்தேகமே இல்லை, ஒதுங்கத் தொடங்குவார்கள்.