பிரசாரம் முடிந்த பிறகு மிஞ்சும் காகிதங்கள்

அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரத்தைப் பற்றி முதுநிலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் மாணவி ஒருவர் தம் முதல் வரைவை என்னிடம் படிக்கக் கொடுத்தார். நடை தெளிவாக இருந்தது, வாதமும் பிசிறில்லாமல் சென்றது. அடிக்குறிப்புகளுக்கு வந்தபோதுதான் ஒன்று உறுத்தியது. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே தேர்தல் முடிந்த பிறகு மற்றவர்கள் எழுதிய அலசல்கள். வேட்பாளர் என்ன பேசினார் என்பதற்கும், பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கும், எந்த விளம்பரம் எந்த ஊரில் ஓடியது என்பதற்கும் யாரோ ஒரு பத்தியாளரின் சொல்லே சான்றாக நின்றது. மூல ஆவணங்கள் இணையத்தில் எங்கே கிடைக்கும் என்பது தமக்குத் தெரியவில்லை என்றார். அவருக்கு எழுதிய மின்னஞ்சல் நீண்டுகொண்டே போனதால், அதையே சற்று ஒழுங்குபடுத்தி இங்கே பதிவிடுகிறேன்.

தேர்தல் பிரசாரம் அன்றன்றைக்கே செலவாகிவிடும் சரக்கு என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நவம்பர் மாதம் வாக்குப்பதிவு முடிந்ததும் வேட்பாளரின் இணையதளம் மூடப்படும், ஊழியர்கள் கலைந்துவிடுவார்கள், துண்டறிக்கைகள் குப்பைக்குப் போகும். மிஞ்சுபவற்றில் சில சட்டத்தின் கட்டாயத்தால் மிஞ்சுகின்றன, சில யாரோ ஒருவர் ஆசையோடு சேர்த்து வைத்ததால் மிஞ்சுகின்றன. கையில் இருக்கும் ஆவணம் எதனால் பிழைத்தது என்று தெரிந்தால்தான் அதை எதற்குச் சான்றாக வைக்கலாம், எதற்கு வைக்கக் கூடாது என்பது விளங்கும்.

சட்டத்தால் பிழைத்தவற்றில் முதன்மையானது பணக் கணக்கு. வாட்டர்கேட் ஊழலுக்குப் பின் 1974 இல் தேர்தல் நிதிச் சட்டம் திருத்தப்பட்டது. அதன் விளைவாகக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் 1975 இல் இயங்கத் தொடங்கியது. ஒவ்வொரு வேட்பாளரின் பிரசாரக் குழுவும் தன் வரவையும் செலவையும் குறித்த காலங்களில் இந்த ஆணையத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு தேர்தல் காலத்தில் மொத்தம் 200 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயர், தொழில், பணியிடம் ஆகியவை அந்த அறிக்கையில் தனித்தனியாக இடம்பெறும். ஆணையத்தின் இணையதளத்தில் இவை அனைத்தையும் இலவசமாகத் தேடலாம், தரவுக் கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். மாணவர்கள் பெரும்பாலும் வரவுப் பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு என்னவோ செலவுப் பக்கம்தான் அதிகம் பேசுவதாகத் தோன்றும். எந்த மாநிலத்தில் எப்போது அலுவலகம் வாடகைக்கு எடுத்தார்கள், எந்தக் கருத்துக்கணிப்பு நிறுவனத்துக்கு எந்த மாதத்தில் பணம் போனது, எந்த வாரத்தில் சம்பளப் பட்டியல் திடீரெனச் சுருங்கியது என்பனவற்றைத் தேதிவாரியாக அடுக்கினால், மேடையில் யாரும் சொல்லாத கதை ஒன்று வெளிவரும்.

இந்தத் தரவில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். ஜனநாயகக் கட்சியினருக்கு ஆக்ட்புளூ, குடியரசுக் கட்சியினருக்கு வின்ரெட் என்று நன்கொடை திரட்டித் தரும் தளங்கள் உண்டு. அவற்றின் வழியே ஒருவர் கொடுக்கும் தொகை, அந்தத் தளத்தின் அறிக்கையிலும் பதிவாகும், பணம் போய்ச் சேர்ந்த வேட்பாளரின் அறிக்கையிலும் இடம்பெறலாம். இது தெரியாமல் இரண்டையும் கூட்டி, வேட்பாளரே ஒப்புக்கொண்ட மொத்தத்தை விடப் பெரிய தொகையை அவர் திரட்டியதாகக் கணக்குப் போட்டு, இரண்டு நாள் பெருமிதத்தில் இருந்தேன். அறிக்கையின் முதற்பக்கத்தில் இருக்கும் சுருக்கக் கணக்கோடு ஒப்பிட்டபோதுதான் முகம் சிவந்தது. ஆகவே எந்தக் கூட்டலையும் அந்தச் சுருக்கப் பக்கத்தோடு சரிபார்த்த பிறகே வெளியில் சொல்ல வேண்டும். நன்கொடையாளர் பட்டியலை வணிகத்துக்கோ நிதி திரட்டவோ பயன்படுத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தனிமனிதர்களின் முகவரிகளை அச்சிடுவது சட்டக் குற்றமா என்பது ஒருபுறம் இருக்கட்டும், அது நாகரிகமான செயல் அன்று.

இதே தரவைத் துறைவாரியாகவும் நிறுவனவாரியாகவும் பகுத்துத் தருவது ஓப்பன்சீக்ரெட்ஸ் என்ற தளம். மிகப் பயனுள்ளது, மிக எளிதில் தவறாகப் படிக்கப்படுவதும் அதுவே. ‘இந்த எண்ணெய் நிறுவனம் இந்த வேட்பாளருக்கு இத்தனை டாலர் கொடுத்தது’ என்று அதை மேற்கோள் காட்டி எழுதுகிறார்கள். வணிக நிறுவனங்கள் கூட்டாட்சித் தேர்தல் வேட்பாளருக்கு நேரடியாக நன்கொடை அளிப்பது 1907 முதலே தடை செய்யப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் காண்பது, அந்த நிறுவனத்தில் பணிபுரிவதாகக் குறிப்பிட்டவர்களும் தேர்தலுக்கு நிதி திரட்டிக் கொடுப்பதற்கென்று அது அமைத்த அரசியல் நடவடிக்கைக் குழுவும் கொடுத்ததன் கூட்டுத்தொகை. வேட்பாளரோடு கலந்து திட்டமிடாமல் தனித்துச் செலவிடுவது வேறு கணக்கு. அப்படித் தனித்துச் செலவிட நிறுவனங்களுக்கு இருந்த தடையை நீக்கி, 2010 இல் உச்ச நீதிமன்றம் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பின் பெருகிய ‘சூப்பர் பேக்’ குழுக்கள் அந்தக் கணக்கில் வருகின்றன. இவ்விரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுக் குழப்பும் ஆய்வேடுகளைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

அதிகம் பேருக்குத் தெரியாத புதையல் ஒன்று இருக்கிறது. கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் ஒவ்வொரு தொலைக்காட்சி நிலையத்துக்கும் ஒரு பொதுப் பார்வைக் கோப்பை விதித்திருக்கிறது. அந்த நிலையத்தில் அரசியல் விளம்பர நேரம் கேட்டவர் யார், எந்த நிகழ்ச்சியின் இடைவேளையில், எந்த நாளில், என்ன விலைக்கு வாங்கினார் என்ற ஒப்பந்தத்தாள்கள் அதில் இருக்க வேண்டும். முன்பெல்லாம் அவற்றைப் பார்க்க நிலையத்துக்கே நேரில் போக வேண்டும். 2012 இல் பெரிய நகரங்களின் முக்கிய நிலையங்களும், 2014 முதல் மற்ற நிலையங்களும் அவற்றை இணையத்தில் ஏற்றி வருகின்றன. பார்க்க அழகாக இருக்காது. நிலையத்துக்கு ஒரு படிவம், சில தாள்கள் கோணலாக வருடப்பட்டிருக்கும், எதையும் கணினியால் ஒரே மூச்சில் கூட்டிவிட முடியாது. ஆனால் பொறுமையாகப் படிப்பவருக்கு வேறெங்கும் கிடைக்காத ஒன்று கிடைக்கும். பொதுத் தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களில் வேட்பாளருக்கு நிலையம் தன் மிகக் குறைந்த கட்டணத்தில்தான் நேரம் விற்க வேண்டும் என்பது சட்டம், அந்தச் சலுகை வெளிக் குழுக்களுக்குக் கிடையாது. ஆகவே ஒரே மாலைச் செய்தியின் ஒரே முப்பது நொடிக்கு வேட்பாளர் ஒரு விலையும், அவரை ஆதரிக்கும் சூப்பர் பேக் அதைவிடப் பல மடங்கு விலையும் கொடுத்திருப்பதை இந்தத் தாள்களில் பார்க்கலாம். ‘அந்தத் தரப்பு இருமடங்கு செலவழித்தது’ என்பதற்கு ‘அந்தத் தரப்பு இருமடங்கு விளம்பரம் ஒளிபரப்பியது’ என்று பொருள் கொள்ளக் கூடாது என்பதை எந்த அலசலையும் விட இந்த ஒப்பந்தங்கள் துலக்கமாகக் காட்டும். ஒரு குறை உண்டு, அதுவும் சாதாரணக் குறையன்று. நிலையங்கள் அரசியல் கோப்பை இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பதே விதி.

விளம்பரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், நியூயார்க் குவீன்ஸ் பகுதியிலுள்ள ‘மியூசியம் ஆஃப் தி மூவிங் இமேஜ்’ நடத்தும் ‘தி லிவிங் ரூம் கேண்டிடேட்’ தளத்துக்குச் செல்லுங்கள். 1952 முதலான அதிபர் தேர்தல் தொலைக்காட்சி விளம்பரங்களின் தொகுப்பு அது. அந்த ஆண்டு குடியரசுக் கட்சி வேட்பாளர் ஐசனோவருக்காகத் தயாரான குறும்படங்களில் குடிமக்கள் கேள்வி கேட்க, அவர் பதில் சொல்வார். உண்மையில் அவருடைய பதில்களைத்தான் முதலில் படம்பிடித்தார்கள், கேள்வி கேட்பவர்களைப் பிறகு தேடிப் பிடித்துச் சேர்த்தார்கள். தெரிந்துகொண்டு பார்த்தால் கேட்பவரும் அவரும் ஒரே காட்சியில் சேர்ந்து வருவதே இல்லை என்பது புலப்படும். 1964 இல் அதிபர் ஜான்சன் தரப்பு வெளியிட்ட, சிறுமி பூவிதழ்களை எண்ணிக்கொண்டிருக்க அணுகுண்டு வெடிப்பில் முடியும் விளம்பரமும் அங்கே இருக்கிறது. கட்டண விளம்பரமாக அது செப்டம்பர் 7 அன்று ஒரே ஒருமுறைதான் ஒளிபரப்பானது. எதிர் வேட்பாளர் கோல்ட்வாட்டரின் பெயர்கூட அதில் வராது. செய்தி நிகழ்ச்சிகள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டியதால்தான் நாடு முழுவதும் பேச்சானது. இந்தத் தொகுப்பு ஆர்வத்தால் பிழைத்த வகையைச் சேர்ந்தது. யாரோ தேர்ந்தெடுத்தவைதான் இங்கே இருக்கின்றன, ஏதோ ஒரு மாநிலத்தில் மட்டும் ஓடி மறைந்த சலிப்பூட்டும் விளம்பரங்கள் பெரும்பாலும் இருக்காது. வாக்காளர்கள் அதிகமாகப் பார்த்தவை அந்தச் சலிப்பூட்டும் விளம்பரங்களாகவே இருந்திருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

பேச்சுகளுக்கும் விவாதங்களுக்கும் கட்சிகளின் கொள்கை அறிக்கைகளுக்கும், கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் 1999 இல் தொடங்கப்பட்ட ‘அமெரிக்கன் பிரசிடென்சி புராஜெக்ட்’ ஒன்றே போதும். கொள்கை அறிக்கைகள் 1840 வரை பின்னோக்கிச் செல்கின்றன. விவாத உரைப் பதிவுகளைப் படிக்கும்போது, முடிந்தால் அதே விவாதத்தின் காணொளியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1976 அக்டோபரில் கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று அதிபர் ஃபோர்டு விவாதத்தில் சொன்னது வெறும் வாய்த்தவறாக நினைவுகூரப்படுகிறது. உரைப் பதிவைப் படித்தால், கேள்வி கேட்ட செய்தியாளர் நம்ப முடியாமல் மறுபடி கேட்டதும், ஃபோர்டு தம் நிலையை நாடு நாடாக விளக்கி உறுதிப்படுத்தியதும் தெரியவரும். 1960 செப்டம்பர் 26 அன்று நடந்த கென்னடி, நிக்சன் விவாதத்தை வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றதாகவும், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றதாகவும் கருதினர் என்பது பாடநூல்களிலேயே ஏறிவிட்ட கதை. அதன் அடித்தளமாக எப்போதும் காட்டப்படுவது ஒரு தனியார் கணிப்பு, அதில் வானொலி மட்டும் கேட்டவர்களின் எண்ணிக்கை மிகச் சிறியது.

இணையப் பிரசாரம்தான் எல்லாவற்றிலும் வேகமாக ஆவியாவது. 1996 அக்டோபர் 6 அன்று ஹார்ட்ஃபர்டில் நடந்த விவாதத்தின் முடிவில், குடியரசுக் கட்சி வேட்பாளர் பாப் டோல் தம் இணையதள முகவரியைப் பார்வையாளர்களுக்குச் சொன்னார், அதிலும் ஒரு புள்ளியை விட்டுவிட்டார். அந்தக் காலத்துப் பக்கங்களை இன்று பார்க்க முடிவது, அதே ஆண்டில் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற முயற்சிகளால்தான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் 2000 தேர்தல் முதல் பிரசார தளங்களைச் சேமித்து வருகிறது. ஒரே வேட்பாளரின் கொள்கைப் பக்கத்தை, கட்சிக்குள் நடக்கும் பிரைமரி தேர்தலின்போது ஒருமுறையும், கட்சி மாநாட்டுக்குப் பிறகு ஒருமுறையும் இன்டர்நெட் ஆர்க்கைவின் பழைய பக்கங்களைக் காட்டும் வேபேக் மெஷினில் திறந்து, எந்த வரி காணாமற்போனது என்று பார்ப்பது முதலாண்டு மாணவர்களுக்குக்கூடக் கொடுக்கக்கூடிய நல்ல பயிற்சி. சமூக ஊடக விளம்பரங்களுக்கு மெட்டா நிறுவனம் 2018 முதல் ஒரு நூலகம் வைத்திருக்கிறது. செலவும் பார்வை எண்ணிக்கையும் அதில் துல்லியமாக இராது, ‘இதிலிருந்து இதுவரை’ என்ற வீச்சாகவே தரப்படும். அரசியல் விளம்பரங்களை ஏழு ஆண்டுகள் வைத்திருப்பதாக அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது. அப்படியானால் 2020 தேர்தலின் விளம்பரங்களுக்கு 2027 வரைதான் உத்தரவாதம்.

கருத்துக்கணிப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1936 இல் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைத்தாள்களைப் பெற்றும் குடியரசுக் கட்சியின் லாண்டன் அதிபர் ரூஸ்வெல்ட்டை வெல்வார் என்று சொல்லித் தோற்றது. அப்போதிருந்த 48 மாநிலங்களில் ரூஸ்வெல்ட் 46 ஐ வென்றார். எண்ணிக்கை பெரிதாக இருப்பதற்கும் மாதிரி சரியாக இருப்பதற்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. பழைய கணிப்புகளின் மூலத் தரவு கார்னெல் பல்கலைக்கழகத்தின் ரோப்பர் மையத்தில் இருக்கிறது, முழுமையாகப் பயன்படுத்தக் கல்லூரி நூலகத்தின் சந்தா தேவைப்படும். 1948 முதல் வாக்காளர்களை நேர்கண்டு வரும் அமெரிக்க தேசியத் தேர்தல் ஆய்வின் தரவு, பதிவு செய்துகொண்டால் இலவசம். புள்ளியியல் பழகியவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

தேர்தல் முடிவுகளுக்கு எந்தத் தளமும் ஏறக்குறைய ஒன்றுதான். இருந்தாலும் மாநிலங்களின் சார்பில் அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவுக்கென தேசிய ஆவணக் காப்பகம் வைத்திருக்கும் பக்கத்தை ஒருமுறையாவது திறந்து பாருங்கள். மாநிலங்கள் அனுப்பிய சான்றிதழ்களின் படிகள் அங்கே இருக்கின்றன. 538 தேர்வாளர்களில் 270 பேர் வேண்டும் என்ற கணக்கு, அந்தத் தாள்களில் கையெழுத்திட்ட மனிதர்களாக மாறுகிறது. 2016 இல் ஏழு பேர் தம் கட்சி வேட்பாளருக்கு வாக்களிக்காததால் டிரம்புக்கு 306, கிளிண்டனுக்கு 232 என்று இருக்க வேண்டிய கணக்கு 304, 227 என்று முடிந்தது. மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவான கவுண்டி வாரியான எண்கள் 2000 முதல் எம்ஐடி தேர்தல் தரவு ஆய்வகத்தில் கிடைக்கும். முடிவுகளை வரைபடங்களாகத் தரும் டேவ் லீப்பின் இணைய அட்லஸைப் பயன்படுத்துபவர்கள் வண்ணத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே ஜனநாயகக் கட்சிக்குச் சிவப்பு, குடியரசுக் கட்சிக்கு நீலம். இப்போது பழகிய வண்ணமுறை 2000 தேர்தலுக்குப் பிறகே நிலைபெற்றது என்பதால், அதற்கு முந்தைய தொலைக்காட்சிப் படங்களிலும் இந்த மயக்கம் நேரும்.

உண்மை சரிபார்ப்புத் தளங்களை மாணவர்கள் விரும்பி மேற்கோள் காட்டுகிறார்கள். ஃபேக்ட்செக் தளமும் பாலிட்டிஃபேக்ட் தளமும் கவனமாக உழைப்பவை. அவற்றின் தீர்ப்பை விட, அந்தத் தீர்ப்புக்கு அவை சுட்டும் மூல ஆவணங்களே நமக்குப் பயன்படும். ‘இவர் இத்தனை பொய் சொன்னார், அவர் அத்தனை சொன்னார்’ என்று அந்தத் தளங்களின் பட்டியலை எண்ணி ஒப்பிடுவது செல்லாது, ஏனெனில் சரிபார்க்கத் தகுந்தது என்று ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த கூற்றுகள் மட்டுமே அங்கே இருக்கின்றன.

இவ்வளவையும் படித்துவிட்டு அந்த மாணவி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: 2024 அக்டோபர் மாதத்துத் தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் இரண்டு ஆண்டு விதிப்படி எப்போது மறையும்? 2026 அக்டோபருக்குப் பிறகு அவை இருந்தால் அதிர்ஷ்டம் என்றேன். இப்போது எழுதுவதை நிறுத்தி வைத்துவிட்டு, பென்சில்வேனியாவின் நிலையங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கோணலான அந்தத் தாள்களை இறக்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.