கெளுத்தியைத் தொடாமல் கழற்ற ஒரு கம்பி

கடைசியில், மீன் மேல் விரல் படாமல் கெளுத்தியின் வாயிலிருந்து ஹூக்கைக் கழற்றிவிட்டேன். ஒரே உதறல்தான், மீன் வாளிக்குள் விழுந்தது, ஹூக் கம்பியிலேயே நின்றது. கடையில் வாங்கிய கருவி இல்லை, நானே வளைத்த 3.2 மில்லிமீட்டர் கம்பி. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கெளுத்தி பிடிக்கிறவர்கள் கேட்க மாட்டார்கள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள்ளையும் விறைத்துவிட்டால் அமுக்கி மடக்க முடியாது. பக்க முள்ளின் அடி, தோள் எலும்பின் குழிக்குள் திரும்பிப் பூட்டிக்கொள்கிறது. பிடித்ததும் 'கிர்ர் கிர்ர்' என்று கத்துகிறதே, பல வகைக் கெளுத்திகளில் அது தொண்டைச் சத்தமே இல்லை, முள்ளின் அடி குழியில் உரசுகிற சத்தம். அது கேட்கும்போது முள் ஆடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அந்த நேரத்தில் விரலை அருகே கொண்டுபோகவே கூடாது. முள்ளின் ஓரத்தில் ரம்பப் பல் வேறு. ஏறும்போது சுலபமாக ஏறிவிடும், இறங்கும்போது கிழிக்கும். பெரிய மீனைவிட விரல் நீளக் குஞ்சுதான் மோசம், அதன் நுனி இன்னும் மழுங்கியிருக்காது.

கையுறை போடலாமே என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெட்டுத் தாங்குவது வேறு, குத்துத் தாங்குவது வேறு. பின்னல் கையுறை கத்தி விளிம்பைத் தடுக்கும், ஆனால் கூர்நுனி இழைகளை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடும். கொடுவா மீனின் செவுள் மூடி பிளேடு மாதிரி அறுக்கும், அங்கே அந்தக் கையுறை சரி. கெளுத்திக்குச் சும்மா தைரியம்தான் கொடுக்கும். முடிச்சு போட்ட நைலான் வலையில் அள்ளினால் இன்னொரு தலைவலி: பூட்டிய முள் கண்ணியில் மாட்டிக்கொண்டால் வலையை அறுப்பதா மீனை அறுப்பதா என்று நிற்க வேண்டும். ரப்பர் வலையில் அந்தத் தொல்லை குறைவு.

சரி, கம்பிக்கு வருகிறேன். வடிவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், நுனியில் கொக்கி போல ஒரு வளைவு. அந்த வளைவின் உள் இடைவெளியில்தான் முழு சூட்சுமமும். அகலமாக இருந்தால் ஹூக்கின் வளைவு அடியில் உட்காராமல் பக்கவாட்டில் சுழன்று நழுவும், குறுகலாக இருந்தால் தடித்த ஹூக் நுழையாது. நான் பிடிக்கும் ஹூக் அளவுகளுக்கு 5 மில்லிமீட்டர் பொருந்துகிறது. ஆனால் 5 மில்லிமீட்டர் ஆணியைச் சுற்றி வளைத்தால் 5 கிடைக்காது. எவர்சில்வர் கம்பி கையை விட்டதும் கொஞ்சம் விரியும். அதனால் வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) 4 மில்லிமீட்டர் ஆணியை நிறுத்தி, வேண்டிய கோணத்தையும் தாண்டி ஒரே இழுப்பில் வளைத்தேன். ஒரே இழுப்பு முக்கியம். வளைத்து, நிமிர்த்தி, மறுபடி வளைத்தால் அந்த இடம் இறுகிப்போய் விரிசல் விடும். முதல் கம்பி அப்படித்தான் ஒடிந்தது, கேட்டால் ஸ்பிரிங் கம்பியாம். விற்றவர் சொல்லவே இல்லை.

கம்பி எங்கே வாங்குவது என்று தேடுகிறவர்களுக்கு: டிக் வெல்டிங்குக்கு விற்கிற எவர்சில்வர் ஃபில்லர் ராடு (இணைப்பில் உருக்கி நிரப்பும் கம்பி), 308எல் என்ற ரகம். 2.4, 3.2 மில்லிமீட்டர் அளவுகளில் வருகிறது. ஒரு மீட்டர் நீளத்தில், நேராக, சுருள் பிரிக்கும் வேலையே இல்லாமல். காந்தம் வைத்துச் சோதிக்க வேண்டாம், நல்ல எவர்சில்வரும் இழுத்து வளைத்த இடத்தில் லேசாகக் காந்தத்தில் ஒட்டும். வளைத்த பிறகு வெட்டு முனையை அரம் போட்டு, எமரித் தாளில் வழவழவென்று ஆகும்வரை தேய்க்க வேண்டும். ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் தூண்டில் நரம்பு அதில் உரசி அறுந்துவிடும்.

பயன்படுத்தும் விதம்: மீனைத் தூக்கி வாளிக்கு மேல் பிடிக்கவும். இடது கையில் நரம்பு விறைப்பாக இருக்கட்டும். கம்பியை நரம்பில் மாட்டி, ஹூக்கின் வளைவு வரை சறுக்கி இறக்கவும். பிறகு கம்பி மேலே, நரம்புக் கை கீழே. ஹூக் தலைகீழாகத் திரும்பும், மீனின் எடையே அதைக் கழற்றிவிடும். ஒரு உதறல் போதும். நரம்பைத் தளரவிட்டால் மட்டும் எதுவும் நடக்காது.

ஹூக் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்ன முள்ளைப் பிளையரால் நசுக்கிவிட்டால் இதெல்லாம் இன்னும் சுலபம். மீன் நழுவிப்போகும் என்று பயப்படுகிறார்கள். நரம்பு விறைப்பாக இருக்கும்வரை அதிகம் போவதில்லை. மீன் ஹூக்கை விழுங்கிவிட்டால் இந்தக் கம்பியும் உதவாது, நரம்பை ஹூக்கை ஒட்டி வெட்டிவிடுவதுதான் வழி. நுனி உள்நோக்கி வளைந்த வட்ட ஹூக் போட்டு, வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக நரம்பைச் சுற்றினால் பெரும்பாலும் வாய் ஓரத்தில்தான் மாட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு குத்தினால் ஐஸ் வேண்டாம், சூடு வேண்டும். கெளுத்தி முள்ளில் நஞ்சு உண்டு, அது புரதம், சூட்டில் செயலிழக்கும். சுமார் 45 டிகிரி வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வரை குத்திய இடத்தை முக்கி வைக்க வேண்டும். குத்துப்பட்ட கை மரத்திருக்கலாம், சூட்டை மற்ற கையால் பாருங்கள், இல்லாவிட்டால் வெந்துபோகும். முள் துண்டு உள்ளே நின்றாலும், வீக்கம் ஏறினாலும், குத்தியது மூட்டிலோ மார்பு வயிற்றிலோ என்றாலும் மருத்துவரிடம்தான். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடி இன்னும் போடவில்லை. இப்போதைக்கு சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறேன், ஈரத்தில் கொஞ்சம் வழுக்குகிறது. அதை முடிக்காமலே மனசு ஓரா மீனுக்குத் தாவிவிட்டது. முதுகில் 13, அடித்துடுப்பில் 7, வயிற்றுத் துடுப்புகளில் 4, ஆக 24 முள், அத்தனையிலும் நஞ்சு. செத்த மீனும் குத்தும். வாய் சின்னது, ஹூக்கும் சின்னது, 5 மில்லிமீட்டர் வளைவு அதற்கு உதவாது. 2.4 கம்பி ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன். 3 மில்லிமீட்டர் ஆணியில் வளைத்துப் பார்க்க வேண்டும்.