ஊரின் தீர்ப்பு முதலில் வந்தது

கிளிநொச்சி மாவட்டத்தில் என் பெரியம்மாவின் மகள் கொடுத்த பாலியல் வல்லுறவு முறைப்பாட்டுக்காகப் பொலிஸ், ஆஸ்பத்திரி, கோடு (நீதிமன்றம்) என்று கூட அலைந்தவள் நான். அவளின் பெயரைப் பிரசுரிப்பதே சட்டப்படி குற்றம். ஊரில் எல்லார் வாயிலும் அந்தப் பெயர்தான்.

அக்கா யுத்தத்தில் புருஷனை இழந்தவள். முறைப்பாட்டில் குற்றம் சாட்டப்பட்டவர் கோயில் நிர்வாகத்தில் இருக்கிறவர், மீள்குடியேறின காலத்தில் பலருக்குக் கொட்டில் போட உதவினவர். "அவரா? சீ, அப்படிச் செய்ய மாட்டார்" என்று சனம் முடிவெடுத்துவிட்டது. அவளைத்தான் கேட்டார்கள்: ஏன் கத்தவில்லை, ஏன் மூன்றாம் நாள் சொன்னாய், காயம் எங்கே?

முறைப்பாடு எழுதின பொலிஸ்காரரும் இதையேதான் கேட்டார். பெண் உத்தியோகத்தர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, பெண்கள் சிறுவர் பிரிவில் வாக்குமூலம் கொடுத்தோம். சட்ட வைத்திய அதிகாரி மட்டும் என்ன நடந்தது என்று கேட்டார், ஏன் போனாய் என்று கேட்கவில்லை. எதிர்த்ததற்கான காயம் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை, தண்டனைச் சட்டக்கோவையின் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே அது இருக்கிறது என்று சட்டத்தரணி விளங்கப்படுத்தினார். மாமாவிடம் சொன்னேன். "சட்டம் கொழும்பில எழுதினது" என்றார்.

2010இல் விசுவமடுவில் இராணுவத்தினர் மேல் பாலியல் வல்லுறவு முறைப்பாடு வந்தபோது இதே மாமா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 2015இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் நான்கு பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது, பிறகு மேன்முறையீட்டில் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அப்போதும் அவர் அந்தப் பெண்ணின் பக்கம்தான். சீருடைக்காரன் என்றால் சாட்சியே வேண்டாம், வேட்டி கட்டினவர் என்றால் ஆயிரம் சாட்சி வேண்டும் போல. நான் இந்தக் கோயில்காரரைக் குற்றவாளி என்று சொல்ல வரவில்லை, அது கோட்டின் வேலை. அக்காவைப் பொய்க்காரி ஆக்கினதற்கு எந்தக் கோடு தீர்ப்புக் கொடுத்தது?

இணக்க சபையில் கதைத்து முடிக்கலாம் என்றும் பெரியவர்கள் வந்தார்கள். இது அங்கே போகிற வழக்கில்லை என்று பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

இப்போது சட்டமா அதிபர் திணைக்களத்தின் குற்றப்பத்திரிகைக்காகக் காத்திருக்கிறோம். அந்தக் கோயில்காரர் பிணையில் வந்து திருவிழாவில் முன்னுக்கு நிற்கிறார்.

இந்தப் பாதையில் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு: உடுப்பைக் கழுவாமல் காகிதப் பையில் வையுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கும் அழைக்கலாம். தனியாக மட்டும் போகாதீர்கள்.